பிடித்த பிரேக்கும் விட்ட பிடிவாதமும்

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பல. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? எத்தனை பேர் தாராளமாய் உட்காரலாம்? மேட்டில் திணறாமல் ஏறுமா? "ஐயா, இந்த வண்டி நிற்கச் சொன்னால் நிற்குமா?" என்று கேட்ட புண்ணியவான் ஒருவரையாவது நாம் இதுவரை கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை. ஓடுவதைத்தான் வண்டியின் குணமாக எண்ணுகிறோம். நிற்பதைத் தானே நடக்கிற காரியமாக வைத்துக்கொள்கிறோம். இந்தத் தை மாதத்தில் நமக்கு அந்த எண்ணம் மாறியது. மாறிய விதம் நமக்கு அவ்வளவு பெருமை தரக்கூடியது அல்ல. ஆயினும் வாசகர்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

நம்மிடம் ஒரு பழைய வேன் இருக்கிறது. பிராயம் பதினெட்டு. மனிதருக்குப் பதினெட்டு என்றால் வாலிபம். வேனுக்கு அது தள்ளாமை. வாசம் செய்வதோ நாகப்பட்டினத்தில். கடற்காற்றில் கலந்து வரும் உப்பு, வீட்டு ஜன்னல் கம்பியையே இரண்டு வருஷத்தில் அரித்துவிடும் ஊர் இது. சென்ற ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் வேனைச் சந்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, மேலே ஒரு தார்ப்பாயையும் போர்த்தினோம். மிக ஜாக்கிரதையாகக் காரியம் செய்துவிட்டதாக எண்ணம். பள்ளிக்கூடம் நடை தூரத்தில் இருப்பதால் மூன்று மாத காலம் அதைத் தொடவே இல்லை.

தை பிறந்தது. நம் தாயாருக்குத் தஞ்சாவூரில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தார்கள்; செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பிரயாணம். எழுபத்தெட்டு வயதில் பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா? "வேன் இருக்கும்போது கவலை என்ன?" என்று வீட்டில் எல்லோரிடமும் நாமே முழங்கினோம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை, வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாமென்று திருவாரூர்ச் சாலையில் கிளம்பினோம். சந்திலிருந்து புறப்படும்போதே பின் சக்கரம் ஒன்று 'டொக்' என்று சத்தமிட்டு, மனமில்லாமல் நகர்ந்தது. சாலையில் ஏறியபின் வண்டி இடது பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. கீழ்வேளூர் வருவதற்குள் ஏதோ தீய்ந்த நாற்றம். டீக்கடை ஓரமாய் நிறுத்தி இறங்கினோம். இடது முன் சக்கரத்திலிருந்து அடுப்படியில் வருவதுபோல் அனல் வந்தது. கடையில் நின்றிருந்த லாரி டிரைவர் ஒருவர் அருகில்கூட வரவில்லை, நின்ற இடத்திலிருந்தே மூக்கை உறிஞ்சிவிட்டு, "பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்குங்க. ஆறவிட்டு, மெதுவா வீட்டுக்குப் போங்க" என்றார். அப்படியே, வழியில் இரண்டு இடங்களில் நிறுத்தி ஆறவிட்டு, ராத்திரி வீடு சேர்ந்தோம்.

மறுநாளே வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கலாம். ஊரில் நல்ல ஒர்க்ஷாப் வைத்திருப்பவர் நம் பழைய மாணாக்கரே. பத்தாம் வகுப்பில் "பாஸ்கல் விதியை எழுதுக" என்ற வினாவுக்கு எதிரே "மறந்துவிட்டது சார்" என்று நேர்மையாய் எழுதிய பிள்ளை அவர். இருபது வருஷமாய் அந்த விதியைக் கரும்பலகையில் எழுதி வருகிற நாம், அதைக் கொண்டு இயங்கும் ஒரு யந்திரத்தைச் சரிசெய்யத் தெரியாமல் அவரிடம் போய் நிற்பதா? இந்த எண்ணந்தான் நம்மைக் கெடுத்தது.

விதி சுலபமானது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின்மீது ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். பிரான்ஸ் தேசத்துப் பிளேஸ் பாஸ்கல் எழுதிய இந்த விஷயம், அவர் இறந்த மறு வருஷம், 1663இல் அச்சேறியது. மோட்டார் வண்டியில் அதைப் புகுத்தினவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1917இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1921இல் டூசன்பர்க் என்ற கார், நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. உங்கள் காலின் விசை பெடலின் நெம்புகோலால் நான்கு பங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள சிறிய பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரத்தருகேயுள்ள பெரிய பிஸ்டனின் பரப்பு அதைப்போல் ஆறு மடங்கானால், அங்கே விசையும் ஆறு மடங்கு. இருபது கிலோ எடைக்குச் சமமாய் மிதித்தால், சக்கரத்தில் நானூற்றெண்பது கிலோ. ஒரு பள்ளிப் பிள்ளை மிதித்தாலும் ஆயிரம் கிலோ வண்டி நிற்பதன் ரகசியம் இதுவே.

மிதித்த காலை எடுத்ததும் அந்தப் பெரிய பிஸ்டன் சற்றே பின்வாங்க வேண்டுமே, அதைப் பின்னுக்கு இழுப்பது எது? நாம் ஏதோ ஸ்பிரிங் இருக்குமென்றே எண்ணியிருந்தோம். முன் சக்கரத்து டிஸ்க் பிரேக்கில் அப்படி ஒன்றும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ஒரு ரப்பர் வளையந்தான், மிதிக்கும்போது சற்றுச் சாய்ந்து, விடும்போது நிமிர்ந்து, பிஸ்டனையும் தலைமுடி அளவு பின்னே கொண்டுவருகிறது. அவ்வளவு நுட்பமான சங்கதி! அங்கே கொஞ்சம் துரு ஏறினால் போதும். ரப்பரின் வலிமை துருவின் பிடிக்கு ஈடாகாது. பிஸ்டன் முன்னே போகும், திரும்பாது. பேட் டிஸ்கை உரசிக்கொண்டே இருக்கும். அனல், தீய்ந்த வாசனை, ஒரு பக்க இழுப்பு எல்லாம் அதன் விளைவுகள்.

துரு எங்கிருந்து வந்தது? வெளியே, தூசு புகாமல் காக்கும் ரப்பர் உறை கிழிந்து, மழையும் உப்பும் உள்ளே போயிற்று. உள்ளேயோ, பிரேக் ஆயிலே நீரைக் கொண்டுவந்தது. பிரேக் ஆயில் என்று பெயரே தவிர அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஸ்வபாவமுள்ள ஒரு ரசாயன திரவம். டாட் 3 என்னும் வகை, புதிதாய் இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி, அதில் 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி தாங்கினால் போதுமென்று அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. டாட் 4க்கு இவை 230, 155. நீர் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதித்த விசையெல்லாம் ஆவியை அமுக்குவதிலேயே வீணாகி, பெடல் தரையைத் தொடும்; வண்டி நிற்காது. ஆகையால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இந்த ஆயிலை மாற்றுவது நலம். நாம் ஏழு வருஷமாய் மாற்றவில்லை என்று கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.

சனிக்கிழமை காலை, மாணாக்கரின் ஒர்க்ஷாப்புக்குப் போய் இரண்டு ஸ்டாண்டு இரவல் கேட்டோம். "என்ன வேலை சார்?" என்றார். "டயர் மாற்றப் போகிறோம்" என்று சொல்லிவிட்டோம். இந்தப் பொய்யை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கே, தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விடுகிறவர் தம் குடும்பத்தை நினைப்பதில்லை. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென்று நொறுங்கக்கூடியவை. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டின்மேல் இறக்கி, வண்டியை ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

சக்கரத்தைக் கையால் சுழற்றினோம், அசையவில்லை. காலிப்பரிலுள்ள சிறிய நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்தினோம். இது ஒரு நல்ல பரீட்சை. ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், குற்றம் பிஸ்டனில் அல்ல. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் இருக்கலாம். நம் வண்டியில் காபி டிகாஷன் நிறத்தில் நாலு சொட்டு வந்தது, சக்கரம் விடவில்லை. ஆகவே பிடிப்பு காலிப்பரிலேதான் என்று தெரிந்தது. காலிப்பர் வழுக்கி நகர்வதற்கு உள்ள இரண்டு பின்களில் ஒன்று வெண்ணெய்போல் வந்தது. மற்றது துருப்பிடித்து, முறுக்கி முறுக்கி இழுத்த பிறகே வந்தது.

அடுத்தது பிஸ்டன். காற்றடிக்கும் யந்திரத்தால் ஊதி வெளியே தள்ளுவது சிலருடைய வழக்கம். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டுபோல் வந்து விரலை நசுக்கிவிடும். வீட்டில் அது கூடவே கூடாது. ஹோஸைக் கழற்றாமல், காலிப்பரின் வாயில் ஒரு மரத்துண்டை வைத்து, பிரேக் பெடலையே மிதிக்கச் சொன்னால், திரவமே அதை மெள்ள வெளியே தள்ளும். மிதிக்கும் உத்தியோகத்தை ப்ளஸ் ஒன் படிக்கும் நம் மகளிடம் ஒப்படைத்தோம். பலமாய் மிதித்தாள், பெடல் தரை வரை போயிற்று. மூன்றாவது மிதிக்குப் பிஸ்டன் கிறீச்சிட்டு அசைந்தது. "பாஸ்கல் விதி பாடத்தில் இதெல்லாம் வரவில்லையே அப்பா!" என்றாள். நமக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. இருபது வருஷம் வாயால் சொன்னது அன்றுதான் கண்முன் நடந்தது.

வெளியே வந்த பிஸ்டனைத் துடைத்துப் பார்த்தால், வெள்ளிபோல் பளபளக்க வேண்டிய பக்கத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமே என்ற ஆசை யாருக்கும் வரும். மேல் முலாம் ஒரு முறை உரிந்துவிட்டால், தேய்க்கத் தேய்க்க இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே கடைக்குப் போய்ப் புதிய பிஸ்டனும் ரப்பர் கிட்டும் வாங்கினோம். வளையம் உட்காரும் பள்ளத்திலிருந்த துருவை, உலோகத்தில் கீறல் விழாதபடி மரக்குச்சியால் சுரண்டி, புதிய பிரேக் ஆயிலால் கழுவினோம்.

இவ்விடத்தில் தாயார் திண்ணையிலிருந்து ஓர் ஆலோசனை சொன்னார். "இவ்வளவு பாடுபடுவானேன்? கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டுப் பாரேன், தம்பி!" நாம் சிரித்தோம். ஆனால் ஒரு வேடிக்கை: திரவ பிரேக்குகள் வந்த ஆரம்ப காலத்தில், விளக்கெண்ணெயையும் சாராயச் சத்தையும் கலந்த திரவத்தைத்தான் பிரேக்கில் ஊற்றினார்கள். அக்காலத்து ரப்பருக்கு அது ஒத்துப்போயிற்று. இப்போது திரவமும் வேறு, ரப்பரும் வேறு. என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் பிரேக் ரப்பரில் படக்கூடாது. பட்டால் ஊறி உப்பிவிடும். பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ். பிஸ்டனுக்குப் புதிய பிரேக் ஆயில் அல்லது அதற்கென்றே விற்கும் ரப்பர் கிரீஸ். பேடின் முகத்திலும் டிஸ்கிலும் எதையுமே தடவக்கூடாது.

ஞாயிறு காலை பின் சக்கரம். அங்கே இருப்பது டிரம். குடம்போல் கவிந்திருக்கும் அதற்குள் இரண்டு பிறைகளாக ஷூக்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி மூன்று மாதம் மழைக் காற்றில் நிறுத்தினோமல்லவா? ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்வேளூர்ச் சாலைக்குப் புறப்படும்போது கேட்ட 'டொக்' அது பிய்ந்த சத்தமே. டிரம்மைச் சம்மட்டியால் அடித்து உடைத்தவர்கள் உண்டு. அநேக வண்டிகளில் டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் அளவான இரண்டு போல்ட்டுகளை மாறி மாறிக் கால் சுற்றாய் முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உள்ளேயிருக்கும் தூசை வாயால் ஊதக்கூடாது. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அது நுரையீரலுக்கு எமன். மூக்கை மூடிக்கொண்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தோம். வீல் சிலிண்டரில் கசிவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பி உறைக்குள்ளேயே துருப்பிடித்திருந்தது; புதியது போட்டோம்.

கடைசியாகப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் வேலை. மெக்கானிக்குகள் இதை 'ஏர் எடுப்பது' என்பார்கள். நிப்பிளில் ஒரு குழாய். குழாயின் மறுமுனை, ஆயில் உள்ள சீசாவில். "அழுத்து... பிடித்துக்கொள்..." நிப்பிளைத் திறந்து மூடுவோம். "இப்போது விடு!" மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டே உள்ளதில் முடித்தோம். மகள் ஒவ்வொரு முறையும் பெடலைத் தரைவரை மிதித்தாள். டிகாஷன் நிறம் மாறித் தேன் நிறமாயிற்று, குமிழி நின்றது. பெடல் கல்போல் கெட்டியாயிற்று. நான்கு சக்கரங்களும் கையால் தள்ளினால் சுழன்றன. மாலை நாலு மணி. கைகளில் கரி, முழங்காலில் காயம், மனத்தில் கர்வம்.

"ஏங்க, செவ்வாய்க்கிழமை நம் வண்டியிலேயே போய்விடலாமா?" என்று இல்லத்தரசி கேட்டாள். "சந்தேகம் என்ன!" என்றோம்.

சந்தேகம் அஸ்தமன நேரத்தில் வந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைத்தபின், என்ஜினை ஓட்டாமல், பெடலைச் சும்மா மிதித்தபடி உட்கார்ந்திருந்தோம். முதலில் கெட்டியாய்த்தான் நின்றது. பிறகு, காலின் கீழே மணல் சரிவதுபோல், மெள்ள மெள்ள இறங்கிற்று. ஒரு நிமிஷத்தில் பாதித் தூரம் போய்விட்டது. இரண்டு தடவை வேகமாய் மிதித்தால் மறுபடி கெட்டி. பிடித்துக்கொண்டே இருந்தால் மறுபடி இறக்கம். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரங்களையும் தரையையும் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது.

அந்தக் கால் மணி நேரத்தை மறக்க மாட்டோம். நம்மைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கத்தான் பிடிக்கிறது. சாலையில் யார் ஒரு நிமிஷம் மிதித்தபடி இருக்கப்போகிறார்கள்? தஞ்சாவூர் போய்த் திரும்பியபின் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாமே? இரண்டு நாள் உழைத்ததை வீட்டார் எல்லோரும் பார்த்தார்கள். இப்போது போய், "சரியாகவில்லை" என்று எப்படிச் சொல்வது? இப்படியெல்லாம் மனம் நியாயம் பேசிற்று. அப்போது தாயார் திண்ணையில் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமைக்கென்று ஒரு சிறு பையில் விபூதிச் சம்புடத்தையும் மாற்றுப் புடைவையையும் தடவித் தடவி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கண் சரியாய்த் தெரியாதவர். மகன் ஓட்டும் வண்டி என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவர் பார்த்துக்கொண்டது.

உள்ளே போய், "வண்டி சரியாகவில்லை. பிரேக் இறங்குகிறது. அதில் போகக்கூடாது" என்று சொன்னோம். இல்லத்தரசி ஒன்றும் கேட்கவில்லை. டெலிபோனை எடுத்துச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வாடகைக் காருக்குச் சொன்னாள். தாயார்தான், "நிற்கிற வண்டியாய் இருந்தால் எதுவானால் என்ன, தம்பி?" என்றார்.

திங்கள் மாலை மாணாக்கரை அழைத்துவந்து நடந்ததைச் சொன்னோம். டயர் மாற்றப் போகிறோம் என்று சொன்னதையும் சேர்த்து ஒப்புக்கொண்டோம். பெடலை அவர் கையாலேயே அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: "ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதிச்சீங்களா சார்?"

"ஆமாம்."

"அதான். பதினெட்டு வருஷமா இந்தப் பிஸ்டன் பாதி தூரந்தான் போய் வந்துக்கிட்டிருக்கு. அதுக்கு அப்பால் இருக்கிற இடமெல்லாம் அழுக்கும் துருவும். நீங்க மிதிச்சதும் உள்ளே இருக்கிற வாஷர் அந்த முரட்டு இடத்துக்குப் போய்க் கிழிஞ்சுடுச்சு. ஆயில் வெளியே வராது. வாஷரைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்பிடும். பழைய வண்டின்னா பெடலுக்கு அடியிலே ஒரு கட்டை வைச்சுத்தான் ஏர் எடுக்கணும் சார்."

ஒரு முழத் துண்டுக் கட்டை! அதைத் தெரியாமல், இரண்டு நாள் உழைத்து, பழுதாகாமல் இருந்த பாகத்தை நாமே பழுதாக்கியிருக்கிறோம். "முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி?" என்றோம். "டயர் மாத்தறதுக்குக் கட்டை வேண்டாமே சார்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை, ஆயினும் அதற்குமேல் ஒரு தண்டனை நமக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு நம் வேலையை ஒவ்வொன்றாய்ச் சோதித்தார். காலிப்பர் நன்றாக உட்கார்ந்திருப்பதாகவும், பின்கள் சுத்தமென்றும், டிரம்மை உடைக்காமல் எடுத்தது நல்லதென்றும் சொன்னார். நமக்குப் போன உயிர் பாதி வந்தது. முன் ஹோஸை விரலால் தடவி, "இது ஒரு சுற்று முறுக்கிக்கிட்டு நிக்குது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடிச்சா டயரில் உரசும்" என்று தளர்த்தி நேராக்கினார். அதை நாம் கவனிக்கவே இல்லை. புதன்கிழமை புது மாஸ்டர் சிலிண்டர் போட்டு, கட்டை வைத்து ஏர் எடுத்து, ஆள் நடமாட்டமில்லாத தெருவில் நடை வேகத்திலும் பிறகு சற்று வேகத்திலுமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தபின்தான் சாவியை நம் கையில் கொடுத்தார்.

இதிலிருந்து வீட்டிலேயே வேலை பார்க்கக்கூடாது என்று நாம் உபதேசிக்கப் போவதில்லை. பார்க்கலாம், அதில் கிடைக்கிற அறிவும் ஆனந்தமும் வேறெங்கும் கிடைக்கா. சக்கரத்தைக் கழற்றிப் பேடின் கனத்தைப் பார்ப்பது, பின்களைச் சுத்தம் செய்வது, ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று கவனிப்பது, ஆயிலின் நிறத்தையும் அளவையும் பார்ப்பது ஆகியவை எந்தக் குடும்பஸ்தரும் செய்யத்தக்கவை. திரவம் செல்லும் குழாயைத் திறக்கிற வேலையானால், தெரிந்தவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். அல்லது முடிந்தபின் அவர் ஒரு முறை பார்த்து ஒப்புக்கொள்ளட்டும். பேட் மாற்றியபின், பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே மிதித்துப் பார்க்காமல் வண்டியை நகர்த்தவே கூடாது. பல நாள் நிறுத்தி வைப்பதானால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரில் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது சற்றுத் தூரம் ஓட்டி, பிரேக்கை நாலைந்து தடவை பிரயோகித்து வாருங்கள். இறங்கியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே, தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாய்ச் சுட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

தாயாருக்கு அறுவை நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்தபின் அவர் முதலில் பார்த்துச் சொன்ன விஷயம், நம் நகக்கண்ணில் இன்னும் கரி போகவில்லை என்பதே. இப்போது ஞாயிறுதோறும் அவரை உட்கார வைத்து வேளாங்கண்ணி வரை ஒரு நடை வேனை ஓட்டிவருகிறோம்.

குழி விழுந்த பழைய பிஸ்டனை நாம் எறியவில்லை. சென்ற வாரம் பத்தாம் வகுப்புக்கு எடுத்துப்போய், பாஸ்கல் விதி நடத்தும்போது பெஞ்சு பெஞ்சாய்ச் சுற்றவிட்டோம். கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு பையன் அதை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதைக் கழற்றினது யார் சார்?" என்றான். "நாம்தான்" என்றோம். "வண்டியைச் சரி பண்ணினது?"

"உன் இடத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர்" என்றோம்.